அடிஷம் பங்களாவில் இரண்டு அறைதான் திறந்திருக்கிறது, அங்கே என்ன பார்ப்பது?

பண்டாரவளை வாசகர், பெப்ரவரி 3

அப்புத்தளை அடிஷம் பங்களாவைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். போனால் வரவேற்பறையும் வாசிகசாலையும்தான் திறந்திருக்கின்றன. உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. கால் மணி நேரத்தில் வெளியே வந்து ஒரு ஜாம் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இதை மியூசியம் என்று சொல்லலாமா? கொழும்பிலிருந்து வரும் ஆட்களை அங்கே கூட்டிப் போகலாமா?

பழைய சுவர் (புனைபெயர்), பெப்ரவரி 3, இரவு

கூட்டிப் போங்கள். மியூசியம் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அது புனித பெனடிக்ட் மடம். துறவிகள் அங்கே வாழ்கிறார்கள், செபிக்கிறார்கள், பழம் வளர்த்து ஜாம் காய்ச்சுகிறார்கள். தங்கள் வீட்டின் இரண்டு அறைகளை நமக்குத் திறந்து விடுகிறார்கள்.

கட்டியவர் சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ். தோட்டத்துரையாகத் தொடங்கி, பிறகு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவர் ஆனவர். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரன். தகப்பனார் இங்கிலாந்தில் கென்ற் மாவட்டத்து அடிஷம் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். அந்த ஊர்ப் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார். 1931இல் கட்டி முடிந்தது. 1950களில் கைமாறி, 1960களின் தொடக்கத்தில் மடத்துக்கு வந்து சேர்ந்தது.

மடம் வாங்கியதால்தான் வீடு வீடாக மிஞ்சியது என்பது என் எண்ணம். மலைநாட்டில் விடுதியாக மாறிய பங்களாக்களைப் பாருங்கள். அறைக்கு அறை குளியலறை வைக்கச் சுவர் உடைந்திருக்கும், பழைய தரைக்கு மேல் டைல்ஸ் ஏறியிருக்கும்.

திறக்கும் நாட்கள்: சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினங்கள், பாடசாலை விடுமுறை. மற்ற நாட்களில் கேற்றோடு திரும்ப வேண்டி வரும். காலை 9க்குத் திறந்து பின்னேரம் நாலு, நாலரைக்குள் மூடிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் சிறிய தொகை, சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள்.

பழைய சுவர், பெப்ரவரி 4

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டவுனிலிருந்து மேற்கே சுமார் 3 கிலோமீற்றர். நடந்தால் ஒரு மணி நேரம், கடைசிப் பகுதி ஏற்றம். ஓட்டோவில் போகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போய்வர ஒரே விலையாகப் பேசிக்கொள்ளுங்கள், மேலே திரும்பி வர வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. பாதை ஒடுங்கியது. வளைவில் ஹோர்ன் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

காலையில் போக வேண்டும். அப்புத்தளை ஒரு முகட்டு ஊர். தெற்கே பள்ளத்திலிருந்து சூடேறிய காற்று மத்தியானம் மேலே ஏறி மூடுபனியாகிவிடும். இரண்டு மணிக்குப் பிறகு போனால் கூரையும் புகைக்கூண்டும் கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. அந்த வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வதே அந்த இரண்டையும்தான்.

ஹட்டன் வாசகர், பெப்ரவரி 5

இது லிப்டன் கட்டிய வீடுதானே? லீட்ஸ் நகரத்துக் கோட்டையின் அச்சு அசல் நகல் என்றும் ஓட்டோக்காரர் சொன்னார்.

பழைய சுவர், பெப்ரவரி 5

இரண்டும் பிழை.

தேயிலை வியாபாரி லிப்டனின் இடம் டவுனுக்கு மறுபுறம் இருக்கிற தம்பேதன்ன. அங்கே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) 1890இல் கட்டப்பட்டது. அதற்கு மேலே மலை விளிம்பில் இருப்பதுதான் லிப்டன் சீற். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் இரண்டு கதைகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அடிஷம் முடிந்த 1931ஆம் ஆண்டில்தான் லிப்டன் இங்கிலாந்தில் இறந்தார்.

லீட்ஸ் கோட்டை லீட்ஸ் நகரத்தில் இல்லை. அது கென்ற் மாவட்டத்தில் இருக்கிறது, அடிஷம் கிராமம் இருக்கிற அதே மாவட்டம். நகல் என்பதும் பொருந்தாது. அந்தக் கோட்டை ஏரி நடுவே தீவில் நிற்கிறது, இது மலைச்சரிவில் நிற்கும் ஒரு குடும்ப வீடு. கருங்கல் சுவர், ஒடுங்கிய நீண்ட ஜன்னல்கள், செங்குத்தான கூரை, உயர்ந்த புகைக்கூண்டுகள் என்று பழைய ஆங்கிலப் பாணியை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருபதாம் நூற்றாண்டு வசதியோடு வாழக் கட்டியது. நகலைத் தேடிக்கொண்டு நின்றால் இந்த மலைக்கு என்று கட்டியவர்கள் செய்த வேலை தெரியாமல் போகும்.

பழைய சுவர், பெப்ரவரி 8

உள்ளே போகுமுன் வெளியே அரை மணி நேரம் நில்லுங்கள். வெளியே எதைப் பார்ப்பது என்று விரிவாக எழுதுகிறேன். இப்படிப் பார்ப்பது அடிஷத்துக்கு மட்டும் என்று இல்லை, மலைநாட்டில் எந்தப் பழைய பங்களாவுக்கும் உதவும்.

முதலில் சுவரின் அடி. மரத்தளம் போட்ட பங்களாவில் தளத்துக்குக் கீழே காற்றோட இடம் விட்டிருப்பார்கள். வெளிச்சுவரில் நிலத்துக்குச் சற்று மேலே சிறிய வலைத் துவாரங்கள் தெரியும். ஏறத்தாழ ஒரு செங்கல் அளவு இருக்கும். ஒரு பக்கம் உள்ளே போன காற்று எதிர்ப்பக்கத்தால் வெளியே வர வேண்டும், ஆகவே இரண்டு பக்கமும் இருக்கும். நன்றாகப் பராமரித்த வீட்டில் துவாரத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஆறு அங்குலமாவது இருக்கும். கெட்டுப்போகிற வீட்டில் பூப்பாத்தி ஆண்டாண்டாக மண்ணேறித் துவாரத்தை மூடியிருக்கும். மூடியபடியே வருடங்கள் போனால் தளம் தாங்கும் தீராந்தியின் நுனி, சுவருக்குள் செருகிய பகுதி, உளுத்துவிடும். மேலே நடந்தால் சுவரோரம் மட்டும் லேசாக அமுங்கும்.

அடுத்தது கல்லிடைச் சாந்து. பழைய சாந்து சுண்ணாம்பு. வெள்ளையாகவோ மணல் நிறமாகவோ இருக்கும், நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் உதிரும். அது பலவீனமில்லை. சுவருக்குள் போன ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியே வந்து காய்கிறது. பின்னாளில் திருத்தியவர்கள் சீமெந்து பூசியிருந்தால் கடும் சாம்பல் நிறமாகத் தெரியும். கருங்கல்லும் ஈரத்தை விடாது, சீமெந்தும் விடாது. ஈரம் உள்பக்கம் திரும்பும். உள்ளே பூச்சு கொப்பளித்து, பெயின்ற் தோல் உரிந்து வரும். வெளியே சீமெந்து தெரிந்த அதே இடத்துக்கு நேரே உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கறை இருக்கும்.

சுவரின் தடிப்பை ஜன்னல் பக்கவாட்டில் சாணால் அளக்கலாம். ஒரு சாண் ஏறத்தாழ ஒன்பது அங்குலம். கல்வீடுகளில் இரண்டு சாணும் அதற்கு மேலும் வரும்.

ஓட்டுக்கூரை, பெப்ரவரி 8, இரவு

சுவரைப் பற்றி ஐயா எழுதியிருக்கிறார். கூரையைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

அடிஷத்தில் கதவு, ஜன்னல், தளம், படிக்கட்டு, கூரைச் சில்லு (ஓடு போல அடுக்கும் மரத்துண்டு) எல்லாமே பர்மாத் தேக்கு என்று சொல்லப்படுகிறது. ரயில் பாதை 1893இலேயே அப்புத்தளைக்கு வந்துவிட்டது, கொழும்பில் கப்பலில் இறங்கிய மரத்தை மேலே ஏற்ற வழி இருந்தது. தேக்கில் இருக்கிற எண்ணெய் கறையானையும் ஈரத்தையும் தாங்கும்.

மரச்சில்லுக் கூரையில் எந்த இடத்தில் துளை போட்டாலும் மூன்று சில்லுகளைத் தாண்ட வேண்டும். 16 அங்குலச் சில்லு என்றால் 5 அங்குலம் மட்டும் வெளியே தெரிய, மிச்சம் மேல் வரிசைகளுக்குக் கீழே மறைந்திருக்கும். இந்தக் கணக்கைக் கெடுத்து மரம் மிச்சம் பிடிக்கவென்று 7 அங்குலம் வெளியே விட்டால் காற்றோடு வரும் மழை உள்ளே ஏறும். பக்கத்துப் பக்கத்துச் சில்லுகளை ஒட்டி அடிக்கவும் கூடாது. கால் அங்குலம் இடைவெளி வேண்டும், நனைந்த மரம் ஊதும். ஆணி செம்பு அல்லது துத்தநாகம் பூசியது. வெறும் இரும்பு ஆணி நனைந்து துருப்பிடித்து அரித்துவிடும், சில்லு நன்றாக இருக்க ஆணி போய்விடும்.

பாசியும் ஒரு தொல்லை. நிழல் விழும் பக்கம், பொதுவாக மரம் சாய்ந்திருக்கும் பக்கம், பச்சை பிடிக்கும். படத்துக்கு அழகு. கூரைக்கு அது நனைந்த துணி போட்டு மூடியது போல. மெதுவான தும்புத் தூரிகையால் மேலிருந்து கீழே தட்டி எடுக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மரநாரும் சேர்ந்து போய்விடும்.

பழைய சுவர், பெப்ரவரி 9

நன்றி ஐயா. கூரை ஒழுகும் முதல் இடம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: புகைக்கூண்டு கூரையைத் துளைத்து வெளியேறும் இடம். அங்கே ஈயத் தகடு மடித்துக் கல்லிடைச் சாந்துக்குள் செருகியிருப்பார்கள். தகடு கிழிந்தாலோ யாராவது கழற்றி விற்றாலோ தண்ணீர் கூண்டோரமாக இறங்கும். உள்ளே குளிர்காயும் அடுப்புக்கு மேல் கூரைத்தட்டில் தேநீர்ச் சாயம் போல வட்டமாகக் கறை தெரியும். வரவேற்பறைக்குள் நுழைந்ததும் கீழே கதிரைகளைப் பார்க்குமுன் அடுப்புக்கு நேர் மேலே பாருங்கள். ஒரு வீட்டை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

தியத்தலாவை டீச்சர், பெப்ரவரி 15

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கூட்டிப் போக நினைக்கிறோம். இரண்டு அறைக்குள் எப்படி?

பழைய சுவர், பெப்ரவரி 15

டீச்சர், நாற்பது பேரும் ஒன்றாக உள்ளே போனால் பின்னால் நிற்கிற முப்பது பேர் தலைகளைத்தான் பார்ப்பார்கள். பத்துப் பத்தாக நாலு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு உள்ளே, ஒன்று சுவர், ஒன்று கூரையும் புகைக்கூண்டும், ஒன்று தோட்டம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுங்கள், எண்பது நிமிஷத்தில் முடியும். மடத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். செப நேரமாக இருந்தால் வெளிக்குழுக்களும் சத்தம் போடக்கூடாது.

படம் எடுக்க முடியாததைக் குறையாக எண்ண வேண்டாம். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் கொடுங்கள். அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளையின் ஓர் எட்டு இரண்டு அடி, இரண்டேகால் அடி வரும். ஸ்கூலில் பத்து எட்டு வைத்து அளந்து பத்தால் வகுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் எட்டின் அளவைத் தெரிந்துகொண்டு வரட்டும். அடுப்பு எங்கே, ஜன்னல் எந்தத் திசையில், கதவு எத்தனை, எந்தக் கதவு பின்பக்கம் போகிறது. இவ்வளவும் தாளில் வந்தால் போதும். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மலசலகூட வசதியை டவுனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும்.

பழைய சுவர், பெப்ரவரி 19

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இழை நிறைவாகாது.

குளிர் காயத்தான் அடுப்பு என்று நினைக்கிறோம். மலைநாட்டு வீட்டில் அதற்கு இன்னொரு வேலை, வீட்டைக் காயவைப்பது. நாளும் நெருப்பு எரிந்தால் புகைக்கூண்டு அறையின் ஈரக் காற்றை உறிஞ்சி மேலே இழுத்துவிடும், கதவிடுக்கு வழியாகப் புதிய காற்று வரும், சுவரும் சூடேறும். நெருப்பு நின்ற வீட்டில் மூடுபனி உள்ளேயே தங்குகிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் புத்தக அட்டையில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனால்தான் இப்படிப்பட்ட வாசிகசாலைகளில் புத்தகம் சுவரோடு ஒட்டாமல் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், வெயில் நாளில் ஜன்னல் திறக்க வேண்டும், மூடுபனி ஏறுமுன் மூட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கையிலிருக்கும் ஈரமும் உப்பும் தோலட்டைக்குப் போதும்.

அடுப்பு அறைக்குள் புகை விட்டால் கணக்குப் பாருங்கள். அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு புகைக்குழலுக்கு வேண்டும். 36 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள வாய் என்றால் 1080 சதுர அங்குலம். குழல் 108 வேண்டும், அதாவது 9க்கு 12. குழல் அதை விடச் சிறிதென்றால் எவ்வளவு நல்ல விறகு போட்டாலும் புகை முகத்துக்குத்தான் வரும். வாயின் மேல்விளிம்பில் ஒரு தகடு கட்டி வாயைச் சிறிதாக்குவது பழைய வைத்தியம். கூண்டின் உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்று அடியும், பத்து அடிக்குள் இருக்கும் எதையும் விட இரண்டு அடியும் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். உச்சியில் குருவிக்கூடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

காயாத பச்சைக் கட்டை எரித்தால் குழல் உள்ளே தார் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். வெட்டிப் பிளந்து ஆறு மாதமாவது மூடிக் காயவைத்த விறகு வேண்டும்.

ஹட்டன் வாசகர், பெப்ரவரி 21

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து, வந்தவர்கள் நாங்கள். துரைமார் குளிர் காய்ந்த அடுப்பின் அளவை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

பழைய சுவர், பெப்ரவரி 22

கோபமில்லை ஐயா. இந்தக் கேள்வியோடுதான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பழைய லயக் காம்பரா (அறை) ஒன்றின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. அதில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. கூரை தகரம். அடுப்பு உள்ளேயோ முன்திண்ணை மூலையிலோ. புகைக்கூண்டு கிடையாது. புகை தகரத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கால் போனால் போயிற்று, போகாவிட்டால் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கிற்று. அதே மலை, அதே குளிர், அதே மூடுபனி. பங்களாவின் புகைக்கூண்டுகளை எண்ணிவிட்டு லயத்துக் கூரையைப் பாருங்கள், இரண்டு வாழ்க்கைக்கும் உள்ள தூரம் தெரியும். அடுப்பின் அளவைப் படிப்பது இதற்குத்தான்.

டீச்சரிடம் பிள்ளைகளின் தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னதும் இதற்குத்தான். வரவேற்பறையின் பரப்பை 120ஆல் வகுக்கட்டும். எத்தனை காம்பரா என்று வரும்.

இன்னும் ஒன்று. வீடு முடிந்த 1931ஆம் ஆண்டுதான் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையோடு முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகளோடுதான் வாக்கு, ஆனாலும் கிடைத்தது. ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். உங்கள் ஊர் வரலாறு. பதினேழு வருடம் கழித்து 1948இல் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதன்பின் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிஷத்தின் வாசலில் 1931 என்று கேட்கும்போது இந்த 1931உம் பிள்ளைகளுக்கு நினைவு வர வேண்டும்.

பழைய சுவர், பெப்ரவரி 22, பின்னேரம்

காலையில் எழுதியதை யோசித்துப் பார்த்ததில் பின்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பங்களா என்பது முன்வாசல் இல்லை. பழைய பங்களாக்களில் சமையலறை பெரும்பாலும் தனிக்கட்டடம், நெருப்புக்கும் புகைக்கும் பயந்து பிரித்துக் கட்டியது. அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை வழியாகப் பாத்திரம் வரும். அப்பு (சமையற்காரர்), ஆயா, வீட்டுப் பொடியன், தோட்டக்காரன் எல்லோரும் அந்த வழியாகத்தான். 1900க்கு முந்திய பங்களாக்களில் குளியலறையிலிருந்து நேரே வெளியே திறக்கும் ஒரு கதவு இருக்கும். மலவாளி எடுக்க வருகிற ஆள் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கான கதவு அது. பல இடங்களில் இப்போது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், வெளிச்சுவரில் பூச்சு நிறம் மாறிக் கதவு அளவுக்குத் தெரியும். கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சிவப்புச் சீமெந்துத் தரை உள்ள பங்களாக்களில் தரையின் பளபளப்பும் இந்த வேலையாட்களின் உழைப்புத்தான். மெழுகு பொலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்து, பிறகு பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்து முன்னும் பின்னும் தேய்த்து வரும் பளபளப்பு. கிழமைக்கு ஒருமுறை, வருடக்கணக்காக. சுவரோரமும் கதவு மூலையும் மங்கலாகவும் நடுப்பகுதி கண்ணாடி போலவும் இருந்தால் மட்டை எட்டிய எல்லை அது.

வெலிமடை வாசகர், மார்ச் 2

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கப் போகிறார்கள். உள்சுவர் ஈரம். பாஸ் (மேசன்) சீமெந்து பூசி மூடலாம் என்கிறார். இந்த இழையைப் படித்தபின் பயமாக இருக்கிறது.

பழைய சுவர், மார்ச் 2

பூச வேண்டாம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அருகே திகதி எழுதுங்கள். மழை பெய்த மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் கூரையோ பீலியோ (கூரைத் தண்ணீர் ஓடும் தகரக் கால்) காரணம். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து இடுப்பளவு நின்றால் நிலத்து ஈரம். நிலத்து ஈரத்துக்குப் பூச்சு மருந்தில்லை. சுவரோரம் ஏறிய மண்ணை வெட்டி இறக்கி, காற்றுத் துவாரங்களைத் திறந்து, சரிவான வடிகால் வைக்க வேண்டும். பீலி உடைந்து ஒரே இடத்தில் தண்ணீர் கொட்டுவதால் வந்த ஈரமும் மலைநாட்டில் நிறைய உண்டு, அதை ஒரு நாளில் திருத்தலாம்.

இதெல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் பார்த்து, சுவரைக் காயவிட்டுத்தான் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் கிடக்கவிட்டு வெண்ணெய் பதத்தில் எடுத்தது ஒரு பங்கு, கழுவிய கூர் மணல் மூன்று பங்கு. பூசுமுன் சுவரை நனையுங்கள். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், தடிப்பாகப் போட்டால் வெடிக்கும். அப்புத்தளை, வெலிமடைக் குளிரில் சுண்ணாம்பு இறுக நாளாகும். சாக்குத் தொங்கவிட்டு நேர் வெயிலும் மழையும் படாமல் பார்த்து, கீழ்ப்பூச்சு நகம் பதியாத அளவுக்கு இறுகியபின் அடுத்தது. மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் இவ்வளவு வேலையும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான்.

ஓட்டுக்கூரை, மார்ச் 3

கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது என்று பாஸிடம் சொல்லுங்கள். கழற்றுவதானால் நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பாது.

தியத்தலாவை டீச்சர், மார்ச் 19

சித்திரை விடுமுறையில் போகலாமா? பக்கத்துத் தங்கமலைக் காட்டையும் பார்க்க முடியுமா?

பழைய சுவர், மார்ச் 19

விடுமுறையில் வாரநாளிலும் திறப்பார்கள் என்பது வசதி. ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா பார்க்க வருகிற கூட்டம் இந்தப் பக்கமும் திரும்பும். புத்தாண்டுக்கு முந்திய கிழமை, திறந்ததும் உள்ளே போகிற மாதிரிப் பாருங்கள்.

தங்கமலைக் காட்டுப்பாதை பங்களாவை ஒட்டித்தான் தொடங்குகிறது, இதல்கஸ்ஹின்ன பக்கம் ரயில் பாதையில் போய் முட்டும். நாற்பது பிள்ளைகளோடு முழுதும் போகச் சொல்ல மாட்டேன். மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும். காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸில் ஈரச் சவர்க்காரம் தடவிக்கொள்ளலாம். ரயில் பாதையில் நடக்க விடவே வேண்டாம், அந்தப் பகுதியில் சுரங்கங்கள் இருக்கின்றன, உள்ளே ஒதுங்க இடம் போதாது.

ஹட்டன் வாசகர், மார்ச் 24

லயக் காம்பராவின் அளவு எழுதியிருந்தீர்கள். அதையும் இப்படிப் பாதுகாத்து வைத்த இடம் இருக்கிறதா?

பழைய சுவர், மார்ச் 24

இருக்கிறது. கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, 2007இல் திறந்தது. பழைய லயத்தையே திருத்தி வைத்திருக்கிறார்கள். மக்கள் புழங்கிய பாத்திரங்கள், கருவிகள், பழைய ஆவணங்கள் உள்ளே. வருகிறவர் குறைவு என்பதால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. கம்பளை ரயில் நிலையம் வரை ரயிலில் வந்து அங்கிருந்து வாகனம் பிடிக்கலாம்.

துண்டு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்களே, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன் கணக்கோடு கொடுத்த சீட்டு. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கண்டிக்குப் போகிறவர்களுக்கு ஹந்தானத் தேயிலை நூதனசாலையும் உண்டு, 1925இல் கட்டிய ஸ்டோர். திங்கட்கிழமை மூடல். இயந்திரங்களுக்கு அது நல்ல இடம், மனிதர்களுக்குக் கம்பளை.

பண்டாரவளை வாசகர், ஏப்ரல் 1

முதல் கேள்வி என்னுடையது. கொழும்பு ஆட்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் வருகிறார்கள். கம்பளையும் அடிஷமும் இரண்டும் முடியுமா? எதை முதலில்?

பழைய சுவர், ஏப்ரல் 1

முடியும். கம்பளை முதலில். இரண்டும் ஒரே ரயில் பாதையில்தான், கொழும்பிலிருந்து வரும்போது கம்பளை முன்னால் வருகிறது. சனி காலை கம்பளையில் இறங்கி, காம்பராவைக் காலடியால் அளந்து, கூரையைப் பார்த்து, மத்தியானத்துக்குப் பிறகு அப்புத்தளைக்கு ரயில் ஏறுங்கள். முற்பதிவு ஆசனம் வார இறுதியில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கம்பளையிலிருந்து அப்புத்தளைக்கு என்று தனி டிக்கெட் முதலே எடுத்து வையுங்கள். ரயில் தவறினால் நாவலப்பிட்டி, ஹட்டன், நுவரெலியா, வெலிமடை என்று பஸ் மாறி மாறி வரலாம், இரவாகிவிடும். ஞாயிறு காலை ஒன்பதுக்கு அடிஷம் கேற்றில் நில்லுங்கள். உள்ளே போனதும் முதலில் அடுப்புக்கு மேலே கூரைத்தட்டு, பிறகு எட்டு வைத்து அளப்பது. ஜாமைக் கடைசியில் வாங்குங்கள், போத்தல் கனம்.